பிரதான சாரதி

அநியாயம் செய்யப்பட்டவள் மிதுஷா சிவகடாட்சம், அதாவது நான். செய்யப்பட்ட அநியாயம் இது: நான்கு வருடமாக எங்கள் வீட்டுக் காரை நான்தான் ஓடினேன், அம்மாவை வேலைக்கு, அப்பாவை வேலையிலிருந்து, எல்லாரையும் கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு, செத்தவீட்டுக்கு, மழையிலும் பனியிலும் நான்தான் ஏற்றி இறக்கினேன், அந்த நான்கு வருடமும் நடக்கவே இல்லை என்று இப்போது காப்புறுதி முகவர் மனோரஞ்சன் அங்கிளின் கணினி சொல்கிறது. திரையைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். காட்டியது எனக்கில்லை, அப்பாவுக்கு. கார் ஓடிய அனுபவம் என்ற இடத்தில் ஒரு பூச்சியம், வெள்ளையாக, வட்டமாக, ஒரு கோப்பை தண்ணீர் வைத்தால் நிற்கும் போல அவ்வளவு சுத்தமான பூச்சியம். "பாருங்கோ அண்ணை, பிள்ளை புதுசு. புதுசு எண்டால் கொம்பனிக்காரன் கழுத்தை வெட்டுவான்" என்றார் மனோ அங்கிள். அப்பா தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று கீழே கார் நிறுத்துமிடத்தில் சொல்லிவிட்டுத்தான் படியேறினேன். "அவை கேக்கிறதை எனக்குத் தமிழில மாத்திச் சொல்லு, நான் சொல்லுறதை அவைக்கு இங்கிலீசில மாத்திச் சொல்லு. நடுவில உன்ர கதை வேண்டாம்" என்று அப்பா விரலை நீட்டிச் சொன்னார், நானும் சரி என்றேன், ஏனென்றால் திங்கட்கிழமை எனக்கு ஒரு கார் வேண்டும், அந்தக் காருக்குக் காப்புறுதி வேண்டும், காப்புறுதி இல்லாமல் இலக்கத்தகடு தர மாட்டார்கள், இலக்கத்தகடு இல்லாவிட்டால் வாங்கிய கார் வீட்டு வாசலில் பனிக்குள் புதைந்து கிடக்கும், நானும் கூடவே கிடப்பேன். இப்போது மேசை நடுவில் அங்கிளின் தொலைபேசி, சத்தமாகக் கேட்கும்படி விட்டிருக்கிறார், அதற்குள்ளே யாரோ பியானோ வாசிக்கிறார்கள், ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப. கொம்பனியிலிருந்து ஒருவர் வந்து அப்பாவிடம் நேரே ஒன்றிரண்டு கேள்வி கேட்டு உறுதிப்படுத்த வேண்டுமாம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பியானோவுக்கு நடுவே ஒரு குரல் வந்து போகிறது. யாருடைய அழைப்பு என்று நான் கேட்கவில்லை. வாய் மூடியிருக்கிறேன் அல்லவா.

வாய் மூடியிருப்பது எவ்வளவு சத்தமான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பல்கலைக்கழக விவாதக் குழுவில் என்னை எதிர்த் தரப்பில்தான் எப்போதும் நிறுத்துவார்கள், இவள் எதையும் மறுப்பாள் என்று, இந்த அறையில் எதையும் மறுக்காமல் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். சுவரில் நாட்காட்டி, நாட்காட்டியில் முருகன், முருகனுக்குக் கீழே அதே அளவில் மனோரஞ்சன் அங்கிள், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு. இதே படம் விளம்பரமாக எங்கள் ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கும் வாங்கில்களில் எல்லாம் இருக்கிறது, எங்கள் தெருமுனை வாங்கிலில் யாரோ இவருக்குக் கொம்பு வரைந்திருக்கிறார்கள், சத்தியமாக நானில்லை. கீழே கொத்துரொட்டிக் கடை. தகட்டில் கொத்தும் சத்தம் தரை வழியாக ஏறி வருகிறது, டக டக டக, பியானோவோடு சேராமல், சேராததே நல்லது, சேர்ந்தால் ஆடச் சொல்லும். நிதானமாக யோசி மிதுஷா. எதிர்த் தரப்பின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்து வை. இளம் வயதுக்காரர் கூட இடிக்கிறார்கள், உண்மை. புதிதாக ஓடுபவர்கள் கூட இடிக்கிறார்கள், அதுவும் உண்மை. அந்தக் கணக்கைப் போட்டவனோடு எனக்குச் சண்டை இல்லை, நானும் புள்ளிவிபரம் படிக்கிறவள்தான், ஏரித் தண்ணீரில் பொஸ்பரஸ் ஏறினால் பாசி ஏறும் என்று நான் சொல்லும்போது ஒவ்வொரு பாசியிடமும் போய் உன் குணம் என்ன என்று கேட்கவா செய்கிறேன். ஆனால் நான் புதியவள் இல்லை. அதுதான் என் வாதம், ஒரே வாதம், அது தொண்டையில் மீன் முள்ளு மாதிரி நிற்கிறது. அதற்குச் சாட்சி கேட்டால் ஒருவரும் இல்லை, சாட்சி எல்லாரும் பக்கத்து இருக்கையிலும் பின் இருக்கையிலும் நித்திரை.

காப்புறுதியில் என் பெயர் போடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நான் லைசன்ஸ் எடுத்த அன்று அப்பா மனோ அங்கிளுக்குத் தொலைபேசி எடுத்தார், குசினியில் நின்று, எனக்கு ஞாபகம் இருக்கிறது, அம்மா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தா, எண்ணெய்ச் சத்தத்துக்கு மேலால் அப்பா கத்திக் கதைத்தார், அந்தப் பக்கமிருந்து அங்கிள் என்ன சொன்னார் என்று வைத்த பிறகு எங்களுக்குச் சொன்னார்: "பிள்ளையின்ர பேரை இப்ப போட வேண்டாமாம். போட்டால் காசு ஏறீடுமாம். அவள் சும்மா கிட்டடியில ஓடட்டாம்." கிட்டடி. அம்மாவின் பொதி கட்டும் தொழிற்சாலை நெடுஞ்சாலையில் ஏறி இறங்கிப் போகும் இடம், அது கிட்டடியாம். சரி, காசில்லாத வீடு, ஏறினால் கஷ்டம், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னே நிரோஜன் அண்ணா லைசன்ஸ் எடுத்தபோது என்ன நடந்தது? பதினாறு வயதுப் பொடியன், அவனுக்குத்தான் ஊரிலேயே கூடின கட்டணம், அதே மனோ அங்கிள் அதே நாற்காலியிலிருந்து அதைச் சொன்னார், அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "பரவாயில்லை மனோ, போடு. ஆம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஓடத்தானே வேணும்." போட்டார்கள். கேக் வெட்டினார்கள். அண்ணா ஆறு மாதம் ஓடினான், கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூணோடு உரசினான், அதை அப்பா சொந்தக் காசில் நிறம் அடித்து மறைத்தார், அதன் பிறகு அவனுக்குக் கார் அலுத்துப் போய்விட்டது, பிறகு படிப்பு முடிந்து தூரத்துக் கல்கரிக்கு வேலைக்குப் போய்விட்டான், அங்கே ரயிலில் போகிறான். ஆனால் பெயர் இருக்கிறது. ஒரு இடமும் ஓடாத அந்தப் பெயர் வருடா வருடம் வளர்ந்து, பழுத்து, விபத்தில்லாத நல்ல சாரதி என்று கட்டணத்தில் கழிவு வாங்கும் அளவுக்கு வந்துவிட்டது. நாளைக்கு அவன் ஒரு கார் வாங்கினால் கொம்பனிக்காரன் வாங்கோ வாங்கோ என்பான். நான் ஓடிய தூரத்தை எல்லாம் நேராக அடுக்கினால் கல்கரிக்குப் போய் அவனைக் கண்டு ரெண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பி வரலாம்.

பியானோ நிற்கிறது. மூன்று பேரும் நிமிர்கிறோம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். மறுபடி பியானோ. "உவங்கள் இப்பிடித்தான் அண்ணை, ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்" என்று சொல்லி அங்கிள் இனிப்பு ரொஃபிக் கிண்ணத்தை நகர்த்துகிறார், அப்பா ஒன்று எடுத்து உரிக்காமல் கைக்குள் வைத்துக்கொள்கிறார். ஜக்கெட்டைக் கழற்றவில்லை. அப்பா எந்த அலுவலகத்திலும் ஜக்கெட் கழற்ற மாட்டார், கழற்றினால் இருக்கச் சொல்லிவிடுவார்கள் என்ற மாதிரி. "எங்க போறா பிள்ளை திங்கட்கிழமை?" என்று அங்கிள் கேட்கிறார், அப்பாவிடம். நான் இருக்கிறேன் பக்கத்தில், காது இருக்கிறது, வாயும் இருக்கிறது, ஆனாலும் அப்பாவிடம். "வடக்க ஒரு ஏரியாம் மனோ. கம்பசில இருந்து விடுகினமாம். தண்ணி அள்ளி அள்ளிப் பாக்கிற வேலையாம்" என்கிறார் அப்பா. தண்ணி அள்ளுற வேலை. வகுப்பில் இரண்டே பேருக்குக் கிடைத்த இடம் அது, ஏரி ஆய்வு நிலையம், பஸ் போகாது, ரயில் போகாது, கடைசிப் பஸ் நிற்கும் இடத்திலிருந்து சோளக் கொல்லைகளுக்கு நடுவே இன்னும் முக்கால் மணித்தியாலம் ஓட வேண்டும், சொந்த வாகனம் கட்டாயம் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள், இருக்கிறது என்று நானும் போட்டேன், போட்டுவிட்டுத்தான் வாங்கினேன், கோடை முழுவதும் டோனட் கடையில் நின்ற காசில், ஒரு பழைய ஹொண்டா, ஒரு கதவு மட்டும் வேறு நிறம், பழைய சொந்தக்காரன் வேறு காரிலிருந்து கழற்றிப் பூட்டியது. எனக்கு அந்தக் கதவைத்தான் கூடப் பிடிக்கும். திங்கட்கிழமை நான் போகாவிட்டால் காத்திருப்பில் இருக்கும் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள், அவனிடம் அவனுடைய அம்மாவின் கார் இருக்கிறது, அவன் பெயர் அதில் இருக்கிறது, அவன் பெயர் என்ன என்று எனக்குத் தெரியும், அவனோடும் எனக்குச் சண்டை இல்லை. "தண்ணி அள்ளுறதுக்கே கார்?" என்று அங்கிள் சிரிக்கிறார். பிறகு என்னைப் பார்த்து, முதல் தடவையாக என்னைப் பார்த்து, "உமக்கு என்ன பிள்ளை அவசரம்? இன்னும் ரெண்டு மூண்டு வருஷத்தில ஒரு கலியாணம் முடிஞ்சால் மாப்பிள்ளையின்ர இன்சூரன்சில ஏறிக்கொள்ளலாம். அதுதான் மலிவு" என்கிறார். பகிடிதான். அப்பாவும் சிரிக்கிறார். ரொஃபிக் கடதாசி அவர் கைக்குள் கரகரக்கிறது.

மாப்பிள்ளையின்ர இன்சூரன்சில ஏறிக்கொள்ளலாம். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது. அப்பாவின் காரில் நான் இல்லை, அண்ணா இருக்கிறான், இனி வரப்போகும் யாரோ ஒருவனின் காரில் எனக்கு ஒரு ஓர இருக்கை ஒதுக்கியிருக்கிறார்கள், அவனுக்கே தெரியாது, பாவம், அவன் எங்கேயோ பஸ்ஸுக்கு நிற்கிறான். அந்த இரண்டுக்கும் நடுவில் நான் எதில் போவது? இதைக் கேட்டால், "உவள் எல்லாத்தையும் வழக்காக்கிக் கோட்டுக்குக் கொண்டுபோவாள்" என்று அப்பா சொல்வார், சபைகளில் அதைப் பெருமையாகவும் சொல்வார், வீட்டில் சொல்லும்போது பெருமை இருக்காது. பெருமை என்றால் எனக்கு ஞாபகம் வருவது ஒன்பது வயது. அந்த வயதிலிருந்து இந்த வீட்டுத் தொலைபேசி நான். மின்சாரக் கொம்பனி, வங்கி, அண்ணாவின் பள்ளிக்கூடம், அப்பாவின் வேலைத்தலம், எல்லாவற்றோடும் அப்பாவாக நான் கதைத்தேன். தலையணையில் வாயை வைத்துக் குரலைத் தடிப்பாக்கி, ஐ ஆம் சிவகடாட்சம் என்பேன். யெஸ் சேர் என்று மரியாதையாகச் சொல்வார்கள். ஒன்பது வயதில் என்னைச் சேர் என்றார்கள், அதன் பிறகு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லித் தாருங்கள் எழுத்துக்கூட்டி என்பார்கள், எஸ் ஃபோர் சாம், ஐ ஃபோர் இந்தியா, வி ஃபோர் விக்டர், அந்த நீளப் பெயரை மூச்சு விடாமல் இறக்குவேன், அப்பா பக்கத்தில் நின்று வாய்க்குள் எண்ணுவார், ஒரு எழுத்தும் விழுந்துவிடவில்லையே என்று, முடிந்ததும் என் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அப்பாவின் பெயரை இந்த நாட்டுக்குள் எழுத்து எழுத்தாக உள்ளே விட்டது நான். என் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லி எந்தக் கொம்பனியும் கேட்டதில்லை, கேட்க அவர்களிடம் நான் இல்லையே.

இப்போதும் அதே வேலைக்குத்தான் கூட்டி வந்திருக்கிறார். திட்டம் எளிது, அங்கிள் விரலில் எண்ணி விளங்கப்படுத்திவிட்டார்: கார் அப்பாவின் பெயரில் பதிவு, பிரதான சாரதி அப்பா, நான் இடைக்கிடை ஓடுகிற பிள்ளை. என் பெயரில் தனியாகப் போட்டால் ஒரு வருடக் காப்புறுதி நான் வாங்கிய காரின் விலையைவிடக் கூட. அப்பாவின் பெயரில் என்றால் அதில் பாதிகூட இல்லை. "எல்லாரும் செய்யிறதுதான் அண்ணை. தமிழ்ச் சனம் மட்டுமில்லை, எல்லாச் சனமும்" என்றார். அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது, அதையே அவர் ஓடுவதில்லை, இப்போது ஒரே நேரத்தில் இரண்டு காருக்குப் பிரதான சாரதி ஆகப் போகிறார். சோளக் கொல்லைக்கு நடுவே என் ஹொண்டாவில் தினமும் தண்ணீர் அள்ளப் போகப்போவது அப்பா. ஏதாவது நடந்தால்? நடந்தால் என்று யோசிக்கக்கூடாது என்றுதான் யோசிக்காமல் இருந்தேன், ஆனால் பியானோ விடுகிறதில்லை. போன தை மாதம், பின்னேரம் ஐந்து மணிக்கே இருண்டுவிட்ட ஒரு நாள், அப்பாவை வேலையிலிருந்து ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வருகிறேன், பனி பக்கவாட்டில் கொட்டுகிறது, முன்னால் போன பாரவண்டி பிரேக் பிடித்தது, நானும் பிடித்தேன், கார் நிற்கவில்லை, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, அந்த அமைதிதான் பயங்கரம், ஒரு சத்தமும் இல்லாமல் அந்தச் சிவப்பு விளக்குகள் பெரிதாகிப் பெரிதாகி வந்தன, பிரேக்கை விட்டேன், ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக, கொஞ்சமாகத்தான், ஓரத்துக்கு, பனிக் குவியலை உரசிக்கொண்டு போய் நின்றது. ஒரு கீறல் இல்லை. அந்த நேரம் எனக்கு வந்த முதல் யோசனை செத்திருப்பேன் என்பது இல்லை. இந்த இருக்கையில் ஆரும் இல்லையே என்பதுதான். பொலிஸ் வந்து பார்த்தால், கொம்பனிக்காரன் வந்து பார்த்தால், இந்தக் காரைச் சிவகடாட்சம் ஓடுவார், இல்லாவிட்டால் கல்கரியிலிருந்து நிரோஜன் ஓடுவான், நான் ஓடுவதாக எங்கேயும் இல்லை. பேய் ஓடிய கார். இடித்த இடத்தில் இரத்தம் மட்டும் என்னுடையதாக இருந்திருக்கும்.

அப்பா அன்று விழிக்கவே இல்லை. அதுதான் நான் இன்னும் யோசித்து முடிக்காத விஷயம். பக்கத்து இருக்கையில், இதே ஜக்கெட்டோடு, வாய் கொஞ்சம் திறந்தபடி, நல்ல நித்திரை. அண்ணா ஓடிய அந்த ஆறு மாதமும் அப்பா ஒரு நாள் காரில் கண் மூடியதில்லை, கதவுக் கைபிடியைப் பிடித்தபடி இருப்பார், இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார், மெதுவா மெதுவா என்று ஒப்பாரி வைப்பார். நான் ஓடினால் பெல்ட் போட்ட கையோடு தலை சரிந்துவிடும். முதல் தடவை அப்படித்தான் தொடங்கியது, வலது கண்ணில் புகை மாதிரி ஒன்று வந்து எதிர் விளக்குகள் வெடிக்கிற மாதிரித் தெரியுது என்று சொல்லி ஒரு நாள் நடுவழியில் காரை ஓரங்கட்டினார், கார்த் திறப்பை எடுத்து என் மடியில் போட்டார், "நீ ஓடு" என்றார், இறங்கிச் சுற்றி வந்து ஏறினார், வீடு வரும் முன்னே குறட்டை. என் ஓட்டத்துக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறதா? குறட்டையை எந்தக் கொம்பனி ஏற்றுக்கொள்ளும்? ஐயா, என் அப்பா நெடுஞ்சாலையில் நித்திரை கொண்ட மணித்தியாலங்களை அனுபவமாகக் கணக்கெடுங்கள். சிரிப்பு வருகிறது, சிரித்தால் வாய் திறந்துவிடும், இருமலாக மாற்றுகிறேன். அப்பா திரும்பிப் பார்க்கிறார். அவருக்கு நான் இருமினாலும் சந்தேகம்.

அப்படியென்றால் அவருக்குத் தெரியும். அதுதான் கோபம். தெரியாத ஆள் என்றால் விளங்கப்படுத்தலாம், வாதாடலாம், தெரிந்த ஆளிடம் எதை விளங்கப்படுத்துவது. உடம்புக்குத் தெரியும், என்னை நம்பி நித்திரை கொள்ளும், வாய்க்கு மட்டும் தெரியாது. ஆனால் நேர்மையாக யோசி. அவர் பயப்படுவது எனக்கும் விளங்குகிறது. என் பெயர் வெளியே வந்தால், லைசன்ஸ் வைத்த பிள்ளை வீட்டில் இருந்தாள் என்று தெரிந்தால், அவருடைய கட்டணமும் ஏறும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டாலும் கேட்பார்கள், கடிதம் வரும், கடிதத்தை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஏதாவது ஒரு கதவில் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்தாலே குரல் தணிகிற மனிதர். மலிவாக முடிகிற ஒன்றை விலையாக்குவது அவருக்குப் பாவம். எனக்கும் மலிவு வேண்டாமா? நான் என்ன பணக்காரியா? இரண்டு கிழமையாக இணையத்தில் ஒவ்வொரு கொம்பனியாகத் தட்டியவள் நான், எங்கள் தபால் குறியீட்டைப் போட்டவுடன் விலை துள்ளுகிறது, வயதைப் போட்டவுடன் இன்னும் துள்ளுகிறது, பூச்சியத்தைப் போட்டவுடன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆனால் மூடிக்கொண்டு இருக்கவில்லை, படித்தேன். பழைய கார்தானே, அது நொறுங்கினால் எனக்கு நட்டஈடு வேண்டாம், அந்தப் பகுதி கட்டாயமில்லை, காப்புறுதியிலிருந்து எடுத்துவிடலாம், மற்றவருக்கு நான் செய்யும் சேதத்துக்குத்தான் சட்டம் காப்புறுதி கேட்கிறது. பனிக்கால ரயர் போட்டால் கொஞ்சம் குறைப்பார்கள். பிறகு கொம்பனிக்காரர் தருகிற ஒரு செயலி. கைபேசியில் போட்டுக்கொண்டு ஓடினால் நீ எப்படிப் பிரேக் பிடிக்கிறாய், எவ்வளவு வேகம் போகிறாய், எந்த நேரம் ஓடுகிறாய் எல்லாம் கொம்பனிக்குப் போகும், நன்றாக ஓடினால் கழிவு. வகுப்பில் எல்லாரும் அதை ஒற்றன் என்கிறார்கள், தனியுரிமை என்கிறார்கள், மேடை போட்டால் நானும் அந்தப் பக்கம் நின்று வெல்லுவேன். ஆனால் எனக்கு வேண்டும் அது. பார்க்கட்டும். நான்கு வருடம் ஒருவரும் பார்க்காமல் ஓடியவளுக்கு ஒரு சாட்சி கிடைக்கிறதென்றால், அது இயந்திரமாக இருந்தாலும் சரி, முன் கண்ணாடியில் கட்டித் தொங்கவிடுவேன். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் அப்பாவின் பெயரில் போடுவதைவிடக் கூடத்தான், ஆனால் டோனட் கடையில் சனி ஞாயிறு நின்றால் தாங்கும். ஏன் மனோ அங்கிள் இதில் ஒன்றையும் சொல்லவில்லை? கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கிற ஆளுக்குத்தான் வாய்ப்பூட்டு.

பூட்டு நானே போட்டது. வாக்குக் கொடுத்தேன். வாக்கு என்ன, சொல் சொல்லாகப் பார்: கேட்கிறதை மாற்றிச் சொல்லு, சொல்லுறதை மாற்றிச் சொல்லு. என் கதை வேண்டாம். சரி. கொம்பனியிலிருந்து வருகிறவர் யார் ஓடுவார் என்று கேட்பார், நான் தமிழில் சொல்வேன், அப்பா நான் என்பார், நான் அதை ஆங்கிலத்தில் என் வாயால் சொல்ல வேண்டும், ஒலிப்பதிவில் என் குரல் இருக்கும், என்னை அழிப்பதற்கு என்னுடைய குரலே. பிறகு இன்னும் நான்கு வருடம் ஓடுவேன், அந்த நான்கும் அப்பாவின் கணக்கில் சேரும், திருப்பி இதே அறை, இதே பூச்சியம், நாட்காட்டி மட்டும் புதுசு. பயமாக இருக்கிறது. பனியில் வழுக்கியபோது வந்த அதே பயம், சத்தமில்லாமல் எதையோ நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். அன்று என்ன செய்தேன்? பிரேக்கை விட்டேன். எல்லாரும் மிதிப்பார்கள், மிதித்தால்தான் வழுக்கும். விட்டுவிட்டு, கொஞ்சமாக, கொஞ்சமாகத்தான்.

பியானோ அறுந்தது. காத்திருந்ததற்கு நன்றி, இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாள், தடிமன் பிடித்து மூக்கடைத்த, களைத்த, நல்ல குரல். மனோ அங்கிள் முதுகை நிமிர்த்தி, நாட்காட்டியில் இருக்கிற முகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரு சிவகடாட்சமா என்று கேட்டாள், பெயரை மூன்று இடத்தில் முறித்தாள், அப்பா யெஸ் யெஸ் என்றார், மொழிபெயர்க்க மகள் இருக்கிறாள் என்றேன், நல்லது என்றாள். முகவரி கேட்டாள், சொன்னேன். பிறந்த திகதி கேட்டாள், அப்பாவைப் பார்க்காமலே சொன்னேன், எனக்குத் தெரியாதா. பிறகு, இந்த ஹொண்டாவைக் கூடுதலாக ஓடப்போவது யார் என்றாள். நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன். "அப்பா, இந்தக் காரைக் கூட ஓடப்போறது ஆர் எண்டு கேக்கிறா." ரொஃபிக் கடதாசி ஒரு தடவை கரகரத்தது. மனோ அங்கிள் புருவத்தை உயர்த்தி, தன் நெஞ்சில் விரலால் தட்டி, அப்பாவைக் காட்டினார். "நான் எண்டு சொல்லு" என்றார் அப்பா, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பாராமல்.

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விழாமல், கேட்டதைக் கேட்டபடி. "தான்தான் என்று சொல்லும்படி அப்பா சொல்கிறார்" என்றேன். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் தொடங்கியது. அதோடு நிறுத்தியிருந்தால் வாக்கும் பிழைத்திருக்கும், விலையும் குறைந்திருக்கும். "ஆனால் அது சரியில்லை" என்றேன். விசைப்பலகை நின்றது. கீழே கொத்துகிறவனும் அந்த நேரம் பார்த்து நிறுத்தினான். "என்ன பிள்ளை செய்யிறீர்!" என்று மனோ அங்கிள் மூச்சுக்குள் சீறிக்கொண்டு தொலைபேசியின் வாயை அடைக்கும் பொத்தானுக்குக் கையை நீட்டினார். பொத்தானில் அவருடைய விரல் படவில்லை. அப்பாவின் கை நடுவில் இருந்தது, பெரிய, வெடித்த, ஜக்கெட் கை பாதி மூடிய கை, ரொஃபியோடு சேர்த்துத் தொலைபேசியின் மேல் கவிழ்ந்து கிடந்தது, எப்போது வந்தது என்று நான் பார்க்கவில்லை. "அண்ணை, விலை ஏறும்" என்றார் அங்கிள். "உங்களுக்கும் ஏறும் அண்ணை." அப்பா கையை எடுக்கவில்லை. முகத்தில் கோபம் இருந்தது, நிறைய இருந்தது, வீட்டுக்குப் போகும் வழி முழுவதற்கும் போதுமான அளவு. "உவள்தான் மனோ ஓடுறவள்" என்றார். "எனக்குக் கண் தெரியிறேல்லை." அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவும் இல்லை. ஹலோ, இருக்கிறீர்களா, என்றது தடிமன் குரல். கார் யாருடையது, பிரதான சாரதியாக நான் யாரைப் போட, தெளிவாகச் சொல்லுங்கள், புதிய சாரதி என்றால் கட்டணம் வேறு, அது உங்களுக்கு விளங்குகிறதா என்றது. தலையணை இல்லை, குரலைத் தடிப்பாக்கவும் இல்லை, வந்த குரலிலேயே சொன்னேன்.

"விளங்குகிறது. கார் என்னுடையது, என் பெயரில்தான் பதிவேன், ஓடப்போவதும் நான்தான். பழைய கார், அதன் சொந்தச் சேதத்துக்கான பகுதியை எடுத்துவிடுங்கள். பனிக்கால ரயர் இருக்கிறது, அதைச் சேருங்கள். நான் ஓடுவதைப் பார்க்கிற செயலியையும் சேருங்கள், இன்றைக்கே தொடங்கலாம். குடும்பப் பெயர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அது என் அப்பாவுடையது, சரியாகத்தான் இருக்கும், நான்தான் எழுத்துக்கூட்டித் தந்தேன். முதற்பெயர் மிதுஷா. மெதுவாகச் சொல்கிறேன், எழுதுங்கள்."